காரணம் என்ற கட்டம்

எங்கள் ஆய்வகப் பதிவேட்டில் ஏழு கட்டங்கள் உண்டு. நாள், கொடுத்தவரின் எண், குப்பியின் வகை, எடுத்த நேரம், எடுத்தவர், அளவு, ஏழாவது, காரணம். முதல் ஆறையும் கடிகாரமும் இயந்திரமும் சொல்லிவிடும். ஏழாவதை மட்டும் குருதி எடுத்தவர் தம் கைப்பட எழுத வேண்டும். என் வாழ்வின் பெரும்பிழை அந்த ஏழாவது கட்டத்தில், இரண்டு விரற்கடை அகலத்தில், நீல மையில் இருக்கிறது.

அக்கட்டம் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உடம்பில் எங்கேனும் அழற்சி மூண்டால் ஈரல் ஒரு புரதத்தைச் சுரந்து குருதியில் விடும். சி.ஆர்.பி. என்பது அதன் பெயர். ஈறு வீங்கினாலும் ஏறும். சளி பிடித்தாலும் ஏறும். உடல் பருத்தாலும், புகை பிடித்தாலும் ஏறும். ஆண்டுக்கணக்கில் இறங்காமலே நின்றால் இதயத்தைப் பற்றி மருத்துவர்கள் கவலைகொள்வார்கள். அந்த ஏற்றத்தில் பிறப்பின் பங்கு எவ்வளவு, வாழும் முறையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவதே எங்கள் ஆய்வு. தாயையோ தந்தையையோ ஐம்பது வயதுக்குள் மாரடைப்புக்குப் பறிகொடுத்த உடன்பிறந்தோர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து குருதி கொடுப்பார்கள். அளவு மூன்றைத் தாண்டினால், எடுத்தவர் அவரைக் கேட்டறிந்து காரணத்தை எழுதி, இரண்டு வாரம் கழித்து மறுமுறை எடுக்க வேண்டும். 'கேட்டறிந்து' என்ற சொல் விதிநூலிலேயே இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக அந்த விதிநூலைப் புதிதாக வருவோர்க்குப் படித்துக் காட்டியவள் நான்.

நரம்பு புலப்படாத கையிலும் ஒரே குத்தில் குருதி எடுத்துவிடுவேன் என்பதால் எனக்கு அங்கே 'ஊசி' என்று பட்டப்பெயர். என் தம்பி அதற்கு வேறு உரை சொல்வான்.

"கையில இருக்கிற ஊசியச் சொல்றாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்கியா? வாயில இருக்கிறதச் சொல்றாங்கக்கா."

தம்பி லிஃப்ட் பழுதுபார்ப்பவன். பகலெல்லாம் உயர்ந்த கட்டடங்களின் இருட்டுக் கூண்டுகளில் தொங்கிக்கொண்டிருப்பான். எங்கள் தந்தை நாற்பத்தொன்பதாவது வயதில், சட்டைப்பையில் பாதி தீர்ந்த சிகரெட் பெட்டியோடு, பேருந்து நிறுத்தத்தில் சாய்ந்தார். அப்போது எனக்கு இருபத்திரண்டு, அவனுக்குப் பதினான்கு. நான்கே ஆண்டுகளில் அவனும் பிடிக்கத் தொடங்கினான். நான் அழுதும் விடவில்லை, திட்டியும் விடவில்லை. விடவைத்தவள் அவன் மனைவி. மகள் பிறந்த அன்று, மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே அவள் சொன்னாளாம்:

"இன்னொரு சிகரெட் உங்க வாயில பார்த்தேன்னா, புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அப்பா இல்லாம வளரணும்னா இப்பவே பழகிக்கட்டும்."

அன்றே விட்டான். நான் மட்டும் நம்பவில்லை. விட்டதாக எங்கள் தந்தையும் ஏழு முறை சொன்னவர்தானே என்று உள்ளுக்குள் ஒரு குரல் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஆய்வு தொடங்கிய நாள்முதல் நானும் அதில் குருதி கொடுப்பவள். என் எண் 213. என் கையில் நானே குத்திக்கொள்ள முடியாதல்லவா? உடன் பணிபுரியும் மூத்தவர் ஒருவர் எடுப்பார். வருவோர் எல்லோரிடமும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லியே 'மெதுவண்ணன்' ஆனவர். அளவு வந்ததும், ஏழாவது கட்டத்துக்கு வரும்போது பேனாவை என் பக்கம் நீட்டுவார். "உன் உடம்பு உனக்குத் தெரியாதா? நீயே எழுதிக்கோம்மா." நானும் எழுதுவேன். மறுமுறை எடுப்பதற்கு இருவருக்குமே நேரம் இருந்ததில்லை.

தம்பியை ஆய்வில் சேர்க்க மூன்று ஆண்டு மன்றாடினேன். ஒருவழியாக வந்தான். என் எண்ணுக்கு அடுத்து அவனுக்கென ஒதுக்கிவைத்திருந்த 214 என்ற ஒட்டுத்தாளை நானே குப்பியில் ஒட்டினேன்.

"இதுல என்னக்கா தெரியும்?"

"உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும்டா."

"அப்ப என் பொண்டாட்டிகிட்ட ஒரு மெஷின் குடுத்திரு. தெனமும் கேக்குறா, உங்க மனசுல என்னதான் இருக்குன்னு."

முதல்முறை 4.1. உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றான். இரண்டு வாரம் கழித்து 4.0. அடுத்த பருவம் 4.8. மூன்றாம் பருவம் 5.2. சளியில்லை, பல்வலியில்லை, தொப்பையில்லை. மூன்றாம் முறை நான் அவனைக் கேட்கவில்லை. கேட்டால் இல்லையென்பான், இல்லையென்றால் நம்பமாட்டேன், பின் எதற்குக் கேட்பது என்று தோன்றிற்று. பேனாவை எடுத்தேன். ஏழாவது கட்டத்தில் 'புகை' என்று எழுதினேன். விடியலில் எழுந்து, பொய்யுரைக்கும் நாவை எனக்குத் தராதே என்று இறைவனைப் பாடி வேண்டிவிட்டு வந்த நாள் அது. அந்த நாவை நான் அன்று பயன்படுத்தவில்லை, கைதான் எழுதிற்று.

அதோடு நின்றிருந்தால் பிழை ஒரு தாளோடு போயிருக்கும். ஒருவர் முடிவை மற்றவரிடம் சொல்லலாகாது என்பது எங்கள் தொழிலின் முதல் அறம். அன்று மாலை நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். மகள் உள்ளறையில் பள்ளிக்கூடப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, வாங்க. என்ன இந்த நேரத்துல?"

"உன்கிட்ட மறைக்க முடியல. அவன் மறுபடி ஆரம்பிச்சிட்டான்."

கத்தி நின்றது. "என்ன ஆரம்பிச்சிட்டாரு?"

"மூணு தடவையா ரத்தத்துல தெரியுது. வேற காரணமே இல்ல. எங்கப்பா மாதிரியே ஒருநாள் தெருவுல விழுந்தா, ஏன் சொல்லலன்னு நீ என்னையக் கேப்ப."

அந்நேரம் தம்பி உள்ளே வந்தான். கையெல்லாம் கிரீஸ். எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து, "என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு எதிரா சங்கம் வச்சிட்டீங்களா?" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"புடிக்கிறீங்களா?"

"என்னது?"

"சிகரெட் புடிக்கிறீங்களான்னு கேக்குறேன்."

"சத்தியமா இல்ல. யாரு சொன்னது?"

"ரத்தம் பொய் சொல்லாதுடா," என்றேன் நான்.

தம்பி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் சினம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பள்ளிக்கூடத்தில் தன் பையிலிருந்து யாருடைய பேனாவையோ ஆசிரியர் எடுத்துக் காட்டும்போது ஒரு சிறுவன் எப்படி விழிப்பான், அப்படி விழித்தான். தன் குருதியே தனக்கு எதிராகச் சாட்சி சொன்னால் ஒருவன் எந்த முகத்தோடு மறுப்பது?

மறுநாள் அவள் மகளை அழைத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பி ஆய்வகத்துக்கு வருவதை நிறுத்தினான். என் தொலைபேசிக்கு, "வேலையா இருக்கேன்" என்ற ஒரே விடை. நான் நல்லதைத்தான் செய்தேன் என்று ஐந்து மாதம் நம்பினேன். நல்லதைச் செய்தவருக்கு வரும் தனிமை இது என்றுகூட எண்ணி, விடியலில் இறைவனைப் பாடுகையில் ஓரிடத்தில் கண்கலங்கியும் இருக்கிறேன். அந்தக் கண்ணீரை நினைத்தால்தான் இப்போது உடல் கூசுகிறது.

ஐந்தாம் மாதம் மரபணு முடிவுகள் வந்தன. ஆய்வுத் தலைவியான டாக்டரம்மா எங்களைத் தம் அறைக்கு அழைத்தார். மெதுவண்ணன், நான், கணக்கிட்டுத் தரும் புள்ளியியலாளர். 'புள்ளிக்காரர்' என்போம் அவரை. அவரிடம் இருப்பவை எண்கள்தாம். எந்த எண் யார் என்பதும், எடுத்தவர் யார் என்பதும் அவருக்குத் தெரியாது.

"இந்தப் புரதத்துக்கான மரபணுவுல ஒரு சின்ன மாற்றம்," என்றார் டாக்டரம்மா. "சிலருக்கு அம்மாகிட்ட இருந்தும் அப்பாகிட்ட இருந்தும் வந்திருக்கு. அவங்களுக்கு அளவு பொறந்ததுல இருந்தே கொஞ்சம் மேலதான் நிக்கும்."

"அப்ப அவங்களுக்கு மாரடைப்பு அதிகமா வருமா?" என்று மெதுவண்ணன் கேட்டார்.

"இந்த மாற்றத்தால மட்டும் வர்றதா தெரியல. நிறைய நாட்டுல பார்த்துட்டாங்க. இவங்க வீட்டுக் காவல்காரன் கொஞ்சம் சத்தமா விசில் ஊதுறவன், அவ்வளவுதான். விசில் சத்தத்த வச்சுத் திருடன எண்ணக் கூடாது. மத்தபடி அப்பாவுக்கு வந்ததுன்னா, ரத்தக்கொதிப்பு, கொழுப்பு எல்லாம் தனியா பார்த்துக்கணும். அது வேற."

புள்ளிக்காரர் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். "டாக்டர், இந்த 213ஐப் பாருங்க. அவங்களுக்கும் அந்த மாற்றம் ரெண்டு பக்கமும் இருக்கு. நாலு வருஷத்துல பதினாறு தடவ ரத்தம் குடுத்ததுல பன்னெண்டு தடவ மூணுக்கு மேல. காரணம் என்ன எழுதியிருக்கு தெரியுமா? சளி, சளி, பல்வலி, சளி, தூக்கமில்ல, சளி, கால் சுளுக்கு, சளி. இவங்க மனுஷியா, மழைக்காலமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மெதுவண்ணன் மட்டும் தம் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். என் வாய் எப்படிச் சிரித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"214 அதே வீடுதான், உடன்பிறப்பு. அதே மாற்றம். ஆனா பாவம், மூணாவது தடவையே 'புகை'ன்னு எழுதிட்டாங்க. நீங்க எல்லா பழைய குப்பியிலயும் நிகோட்டின் பார்க்கச் சொன்னீங்கல்ல? 214க்கு மூணு பருவத்துலயும் சுத்தமா இல்ல. துளிகூட இல்ல. அந்த ஆளு சிகரெட் கடைப் பக்கமே போகல. யாரு எழுதினது இத? அடிச்சிடவா?"

பதில் சொல்லும் இடம் அதுதான். ஒரே சொல் போதும். நான் மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பதிவேட்டப் பார்த்துக்கலாம்," என்று டாக்டரம்மா அடுத்த தாளுக்குப் போனார்.

அனைவரும் எழுந்துபோன பிறகு, உறைபெட்டி அறையில் நின்று பதிவேட்டைப் புரட்டினேன். பெட்டியின் உறுமலைத் தவிர ஓசையில்லை. பன்னிரண்டு இடங்களில் என் கையெழுத்து. ஒவ்வொன்றும் அழகாக, சாயாமல், கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. அவற்றுள் எத்தனை நாள் எனக்கு மெய்யாகவே சளி இருந்தது? இரண்டு இருக்கலாம், மூன்று என்றால் அதிகம். மற்ற நாள்களில், அளவைப் பார்த்ததும், காலையில் ஒருமுறை தும்மியது நினைவுக்கு வந்திருக்கும். அல்லது தும்மியதாக நினைவுக்கு வந்திருக்கும். எனக்கென்று வந்தபோது காரணங்கள் ஓடோடி வந்து வரிசையில் நின்றன. தம்பிக்கு ஒரே காரணம். அதுவும் தந்தையின் சட்டைப்பையிலிருந்து எடுத்தது.

இருவருக்கும் ஒரே குருதி. எங்களைப் பெற்றவர்கள் இருவரும் பாகுபாடு காட்டாமல் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போன அதே சிறு மாற்றம். பாகுபாடு காட்டியது என் பேனா.

டாக்டரம்மாவின் அறைக்குத் திரும்பிப் போனேன். நாற்காலியில் உட்காரவில்லை.

"213 நான்தான். 214 என் தம்பி. 'புகை' எழுதினதும் நான்தான்."

அவர் வியக்கவில்லை. "கேட்டீங்களா அவர?"

"கேக்கல."

"வெளிய யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"அவன் பொண்டாட்டிகிட்ட. அவ வீட்ட விட்டுப் போயிட்டா. அஞ்சு மாசமாச்சு."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பதிவேட்டுல இருக்கிறத ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல நீங்க கையெழுத்துப் போடலாம். அதுக்கு விதி இருக்கு. இன்னொன்னு என் பதிவேட்டுலயே இல்லியே. அத எங்க அடிக்கிறது?" பிறகு, "இனிமே நீங்க ரத்தம் எடுக்க வேண்டாம். லேபிள் ஒட்டுங்க. எவ்வளவு நாள்னு நான் சொல்றேன்," என்றார். மறுநாள் ஓர் உறையை என் கையில் கொடுத்தார். "அவர் முடிவு அவருக்குச் சொந்தம். ஒட்டியிருக்கு. ஒட்டினபடியே கொண்டுபோய்க் குடுங்க."

தம்பி அன்று ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் வேலையாக இருந்தான். மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்து கிடக்க, குறுக்கே மஞ்சள் தடுப்பு. உள்ளே லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் அவன் நின்றிருந்தான். அவன் தலை என் இடுப்பு உயரத்தில் இருந்தது.

"தள்ளி நில்லுக்கா. நீ உள்ள விழுந்தேன்னா உன் சி.ஆர்.பி. ஏறிடும். அப்புறம் அதுக்கும் நான்தான் காரணம்னு சொல்லுவ."

தரையில் மண்டியிட்டேன். அப்போதுதான் எங்கள் முகங்கள் நேருக்குநேர் வந்தன. உறையை நீட்டினேன். கையைத் துணியில் துடைத்து வாங்கி, தலைக்கவச விளக்கின் ஒளியில் படித்தான். இருமுறை படித்தான்.

"நிகோட்டின் இல்லன்னு போட்டிருக்கு."

"ஆமாடா."

"அதான் எனக்குத் தெரியுமே. இந்த லெட்டர எனக்கு எதுக்குக் குடுக்குற?"

நான் பன்னிரண்டு சளிகளையும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. அவன் கேட்டுக்கொண்டே ஒரு திருகாணியை முறுக்கினான். அது ஏற்கெனவே முறுக்கப்பட்டிருந்தது.

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்க்கா."

"இல்லன்னுதான் சொல்லியிருப்ப. நான் நம்பியிருக்க மாட்டேன்."

"நம்பாட்டிப் போ. கேட்டிருக்கலாம்ல?"

பிறகு குனிந்து, கருவிப்பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு சிகரெட் பெட்டியை எடுத்துத் தரையில் என் முழங்கால் அருகே வைத்தான். மேலுறை பிரிக்கப்படவில்லை.

"அஞ்சு மாசமா இருக்கு. அவ வீட்ட விட்டுப் போன வாரமே நான் வாங்கினது. எப்படியும் புடிக்கிறவன்னு முடிவு பண்ணிட்டாங்க, புடிச்சிட்டாவது போகலாம்னு. தெனமும் எடுப்பேன், வைப்பேன். புடிக்காதவன்னு நம்புற ஆளு ஒருத்தர்கூட இல்லாதப்ப, புடிக்காம இருக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அத உன் மெஷின் அளக்குமா?"

அவன் கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

"யார்கிட்டப் போய்ச் சொன்னியோ அவகிட்டப் போய்ச் சொல்லு. நான் சொன்னா நானே எனக்கு வக்காலத்து வாங்குற மாதிரி இருக்கும்."

அன்று மாலையே போனேன். அவள் தாய்வீட்டுக் கூடத்தில் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணி" என்றாளே தவிர, உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே கடிதத்தைக் கொடுத்தேன். என் கைப்பட எழுதிக் கொண்டுபோயிருந்த இன்னொரு தாளையும் கொடுத்தேன். அதில் என் பன்னிரண்டு அளவுகளும் அவற்றின் எதிரே நான் எழுதிய காரணங்களும் இருந்தன. அவள் கடிதத்தை விரைவாகவும் என் தாளை மெதுவாகவும் படித்தாள்.

"உங்களுக்குன்னா மட்டும் ஏன் அண்ணி சளி?"

வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த நல்ல சொற்கள் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் உதிர்ந்தன.

"நான் நல்லவள்னு எனக்கு முன்னாடியே தெரியும்னு நினைச்சுட்டேன்," என்றேன்.

அவள் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். "கல்யாணம் ஆனதுல இருந்து அவரு சட்டைய நான்தான் தோய்க்கிறேன். புள்ள பொறந்தப்புறம் ஒருநாள்கூடச் சிகரெட் நாத்தம் வந்ததில்ல. கிரீஸ் நாத்தம்தான். என் மூக்கு இல்லன்னுச்சு, உங்க நம்பர் ஆமான்னுச்சு. நான் நம்பரப் போய் நம்பினேன்." மடித்த சட்டையை அடுக்கின்மேல் வைத்தாள். "உங்களைய நல்லா நாலு வார்த்த கேக்கணும்னுதான் இருக்கு. கேட்டா அதுல ரெண்டு எனக்குத் திரும்பி வரும். போயிட்டு வாங்க அண்ணி."

ஞாயிற்றுக்கிழமை அவள் மகளோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. திங்களன்று தம்பியின் தொலைபேசியை மகள் எடுத்து, "அத்தை, அப்பா குளிக்கிறாரு. அம்மா தோசைக்கல்ல தேடிக்கிட்டு இருக்கு, அப்பா எங்கயோ வச்சிட்டாராம்," என்றபோது தெரிந்துகொண்டேன். திரும்ப அழைக்கச் சொல்லவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அடுத்த பருவத்தில் தம்பி ஆய்வகத்துக்கு வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தான். கூடத்தில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான் மூலையில் ஒட்டுத்தாள் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். மெதுவண்ணன் அவன் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டே படிவத்தின் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். காய்ச்சல் உண்டா? இல்லை. பல்வலி? இல்லை. சளி?

"அது எங்க வீட்டுல வேற ஒருத்தருக்குத்தான்," என்றான் தம்பி. யாரோ சிரித்தார்கள்.

"மெதுவா, மெதுவா. கைய ஆட்டாதீங்க. புகை பிடிக்கிற பழக்கம்?"

தம்பி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கூடம் முழுதும் கேட்கும்படி சொன்னான்: "அத எங்கிட்ட ஏன் கேக்குறீங்க? அந்த மூலையில உக்காந்திருக்காங்களே, எங்கக்கா, அவங்களக் கேளுங்க. அவங்களுக்குத்தான் தெரியும்."

பேனாவோடு மெதுவண்ணன் என் பக்கம் திரும்பினார். காத்திருந்தோரும் திரும்பினார்கள். இயந்திரத்திலிருந்து 214 என்ற ஒட்டுத்தாள் வெளிவந்து என் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்றேன். கன்னம் இரண்டும் எரிந்தன.

"இல்ல," என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. "அவன் புடிக்கிறதில்ல. ஏழு வருஷமா புடிக்கிறதில்ல. நான்தான் தப்பா எழுதினேன்."

மெதுவண்ணன் குனிந்து அதை எழுதிக்கொண்டார். தம்பி என் பக்கம் பார்க்கவில்லை. சட்டைக் கையை இன்னும் சற்று மேலே சுருட்டிவிட்டு, ஊசிக்குத் தன் கையை நீட்டினான்.